நமது கிணறும் நமது மலக்குழியும்: கழிவுநீரை ஒழுங்குபடுத்த வேண்டியது யார்?

கடந்த மாரி முடிந்த கையோடு என் மகள் தலைப்பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளைக்குத் தாய்ப்பால் போதவில்லை. மாப்பால் கரைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர் பிள்ளையின் நிறையை எழுதிக்கொண்டே, “பால் கரைக்கிறது எந்தத் தண்ணியிலை?” என்று கேட்டார். கிணற்றுத் தண்ணீர்தான், நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் கொடுக்கிறோம் என்றாள் என் மனைவி. “கொதிக்க வைச்சா கிருமி சாகும் அம்மா, நைத்திரேற்று போகாது. ஒருக்கா சோதிச்சுப் பாருங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சோதித்தோம். லீற்றருக்கு 71 மில்லிகிராம் நைத்திரேற்று. இலங்கைத் தரக் கட்டளைகள் குடிநீருக்கு அனுமதிக்கும் எல்லை 50. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையும் அதுவே.

இந்தச் செய்தியில் எனக்கு இன்னொரு வெட்கமும் உண்டு. நான் வடக்கில் உள்ள ஓர் உள்ளூராட்சி மன்றத்தில் முப்பது ஆண்டுகள் தொழில்நுட்பப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவன். எங்கள் வளவின் பின்மதிலுக்கு அப்பால் இன்று எட்டு அறைகளுடன் ஒரு தங்குவிடுதி நிற்கிறது. அதன் திட்டப்படம் வீடு என்ற பெயரில் என் மேசையால் போனதுதான். மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 50 அடி இருப்பதாகப் படத்தில் காட்டியிருந்தது. அந்த 50 அடி அவர்களுடைய கிணற்றுக்குத்தான். மதிலுக்கு இப்பால் உள்ள என் கிணற்றைப் படம் வரைந்தவர் குறிக்கவில்லை. நானும் குறிக்கச் சொல்லவில்லை. பிறகு வீடு விடுதியாக மாறியபோது மலக்குழி மட்டும் வீட்டுக்குரிய அளவிலேயே நின்றுவிட்டது.

ஆகவே இந்தக் கட்டுரையை யாரையும் சுட்டுவதற்காக எழுதவில்லை. எங்கள் ஊர்களில் கழிவுநீர் எங்கே போகிறது, அதைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அந்த அதிகாரம் ஏன் தூங்குகிறது, வீட்டுக்காரர் என்ன செய்யலாம் என்பவற்றை என் அனுபவத்தில் தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

வாளியிலிருந்து வளையக் குழிக்கு

என் சிறுவயதில் பட்டினப் பகுதிகளில் வாளிக் கக்கூசுகள் இருந்தன. விடியமுன் ஒருவர் வந்து வாளியை எடுத்துப் போவார். அவர் வரும் பின்பக்கக் கதவுக்கென்றே ஒழுங்கைகள் இருந்தன. அவரது பெயர் எங்களில் அநேகருக்குத் தெரியாது. அந்த அநீதி ஒழிந்தது நல்லது. ஆனால் வாளி போன இடத்தில் வந்தது குழி. வாளிக் காலத்தில் மலம் ஊருக்கு வெளியே போயிற்று. குழிக் காலத்தில் அது வீட்டின் கீழேயே தங்கிவிட்டது.

இலங்கை முழுவதிலும் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாயுடன் இணைந்த மக்கள் மிகச் சிறிய பங்கினரே. கொழும்பின் குழாய் வலையமைப்பு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளையர் காலத்தில் போடப்பட்டது. கண்டி, குருநாகல், கதிர்காமம் போன்ற சில இடங்களில் பிற்பாடு வந்தது. யாழ்ப்பாண நகரில் அப்படி ஒன்று இல்லை. யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், பதின்மூன்று பிரதேச சபைகள் ஆகிய பதினேழு மன்றங்களின் எல்லைக்குள்ளும் வீடுகளின் கழிவு நிலத்துக்குள்தான் போகிறது.

போர்க்காலத்தில் இதைப் பற்றி யோசிக்க யாருக்கு நேரம்? 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது ஒரு வீட்டு மலசலகூடத்தை நாற்பது ஐம்பது பேர் பாவித்தோம். குழி நிரம்பினால் பக்கத்தில் இன்னொன்று வெட்டினோம். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது எல்லோரும் முதலில் செய்தது கிணறு இறைத்ததுதான். உள்ளே என்னென்ன கிடந்தது என்று இங்கே எழுத விரும்பவில்லை. இறைத்து, குளோரின் தூள் போட்டு, தெளிந்ததும் குடித்தோம். கண்ணுக்குத் தெரிந்த அழுக்கு போய்விட்டால் தண்ணீர் சுத்தம் என்ற எண்ணம் அப்போதுதான் எங்களுக்குள் இறுகிப் போனது என்று நினைக்கிறேன்.

மீள்குடியேற்றத்தின்போது கட்டப்பட்ட வீடுகளில் “செப்டிக் தாங்கி” என்று பெயர் சொல்லப்படுபவற்றில் கணிசமானவை செப்டிக் தாங்கிகளே அல்ல. கொங்கிரீட் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி மேலே மூடி போட்ட அடியில்லாக் குழிகள் அவை. அவசரத்தில், குறைந்த காசில், ஆயிரக்கணக்கில் கட்ட வேண்டியிருந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அடியில்லாத குழி கழிவைச் சேர்த்து வைக்கும் தாங்கி அல்ல, அது கழிவை நேரே நிலத்துக்குள் அனுப்பும் வழி.

எங்கள் நிலத்தின் இயல்பு

குடாநாட்டின் கீழே இருப்பது சுண்ணாம்புக் கல். மயோசீன் காலத்தில் கடலடியில் உருவான பாறை. மழைநீர் அதைக் கரைத்துக் கரைத்து உள்ளே வெடிப்புகளும் குகைகளும் உண்டாக்கியிருக்கிறது. நிலாவரைக் கிணறு அப்படிக் கூரை இடிந்து திறந்த ஒரு குகைதான். மணல் நிலத்தில் கழிவுநீர் மெதுவாக ஊறிப் போகும். போகும் வழியில் கிருமிகளில் பெரும்பகுதி மண்ணில் பிடிபடும். சுண்ணாம்புக் கல் வெடிப்பில் அது குழாயில் ஓடுவதைப்போல ஓடும். கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 50 அடி என்ற பழைய விதி மண் தடிப்பாக உள்ள இடங்களுக்குப் பொருந்தும். செம்மண்ணை இரண்டடி தோண்டினால் கல் தட்டுப்படும் இடங்களில் அந்த 50 அடி மனத்துக்கு ஆறுதலே தவிர வேறொன்றும் இல்லை.

எங்கள் நன்னீர் இந்தக் கல்லுக்குள் கடல்நீருக்கு மேலே ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. ஆறு இல்லை. மலை இல்லை. ஆண்டுக்குச் சராசரியாக 1250 மில்லிமீற்றர் அளவில் பெய்யும் மழையே முதல். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான மாரியில் பெய்து தீர்கிறது.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் பார்க்கலாம். சேவையில் இருந்த காலத்தில் இதை ஒருதரமாவது போட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்று இப்போது படுகிறது. ஒரு மனிதனின் மலசலத்தில் ஆண்டொன்றுக்குச் சுமார் 4 கிலோ நைதரசன் உண்டு என்பது பொறியியலாளர்கள் பொதுவாக எடுக்கும் அளவு. அது முழுவதும் நைத்திரேற்றாக மாறினால் ஏறத்தாழ 17.7 கிலோ. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லைக்குள் அதைக் கரைத்து வைக்க 350 கனமீற்றர் சுத்தமான தண்ணீர் வேண்டும். எங்கள் ஒரு பரப்புக் காணி பத்துப் பேர்ச்சஸ், அதாவது 253 சதுரமீற்றர். அதன்மேல் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை எல்லாவற்றையும் சேர்த்தாலும் 316 கனமீற்றர்தான். அதில் பாதிக்கு மேல் ஆவியாகவும் வெள்ளமாகவும் போய்விடும்.

இரண்டு பரப்பில் ஐந்து பேர் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நைதரசனில் ஒரு பகுதி வழியில் வாயுவாகிப் போகும், ஒரு பகுதியை மரங்கள் எடுக்கும். மூன்றில் ஒரு பங்குதான் நிலத்தடிக்குப் போகிறது என்று தாராளமாக விட்டுக்கொடுத்தாலும் அதைக் கரைக்க ஏறத்தாழ 590 கனமீற்றர் வேண்டும். அந்தக் காணியின் மொத்த மழையே 632. எட்டு அறை விடுதிக்கு இந்தக் கணக்கை நீங்களே நீட்டிப் பார்க்கலாம்.

தோட்டப் பகுதிகளில் யூரியாவும் சேர்கிறது என்பது உண்மை. வெங்காயம், மிளகாய், புகையிலை செய்யும் வலிகாமத்துச் செம்மண்ணில் நைத்திரேற்றுக்குப் பெரிய காரணம் பசளைதான் என்று நானும் ஒத்துக்கொள்வேன். ஆனால் நகரத்தில் யார் யூரியா போடுகிறார்கள்?

நைத்திரேற்றால் மிகவும் பாதிக்கப்படுவது ஆறு மாதத்துக்கு உட்பட்ட, புட்டிப்பால் குடிக்கும் பிள்ளைகள். இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறன் குறைந்து உதடும் நகமும் நீலம் பாரிக்கும். அதனால்தான் இதை நீலக் குழந்தை நோய் என்கிறார்கள். கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று குறையாது. தண்ணீர் ஆவியாகி வற்றுவதால் இன்னும் செறிவாகும். குளோரினும் சாதாரண மெழுகுதிரி வடிகட்டியும் இதற்கு உதவாது. எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில், அதாவது பேச்சு வழக்கில் “ஆர்.ஓ.” இயந்திரத்தில் சுத்திகரித்த நீரோ, சோதித்துப் பார்த்த வேறு நீரோதான் வேண்டும். எங்கள் வீட்டில் அன்று மாலையே பிள்ளைக்கு வேறு தண்ணீர் வாங்கினோம். பிள்ளை சுகம்.

சட்டம் இல்லை என்பது பொய்

“இதுக்கெல்லாம் சட்டம் எங்கை இருக்கு?” என்று பலர் கேட்கிறார்கள். சட்டம் தாராளமாக இருக்கிறது. அது பல அலுமாரிகளில் சிதறிக் கிடக்கிறது என்பதுதான் சிக்கல்.

தொல்லைகள் பற்றிய கட்டளைச் சட்டம் 1862ஆம் ஆண்டுக்குரியது. நாற்றமடிக்கும் வாய்க்கால், நிரம்பி வழியும் குழி, தெருவில் விடும் அழுக்குநீர் எல்லாம் அதிலேயே குற்றம். மாநகர சபைகள், நகர சபைகள் கட்டளைச் சட்டங்களும் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமும் வடிகால், மலசலகூடம், கழிவகற்றல் ஆகியவற்றை உள்ளூராட்சி மன்றத்தின் கடமையாகவே வைத்திருக்கின்றன. கட்டடம் கட்டுவதற்கு 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு நகரத் திருத்தக் கட்டளைச் சட்டமும் 1978ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் உண்டு. கட்டி முடிந்ததும் “சீ.ஓ.சீ.” என்று நாங்கள் சொல்லும் இணக்கச் சான்றிதழ் எடுக்காமல் குடிபுகக் கூடாது. அந்தச் சான்றிதழுக்காகப் போய்ப் பார்க்கும்போது மலக்குழியைத் திறந்து, அடி போட்டிருக்கிறதா, இரண்டு அறை உண்டா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அதற்குள் மண் மூடி, மேலே பூக்கன்று வைத்திருப்பார்கள். நாங்களும் பூக்கன்றைப் பார்த்துவிட்டு வருவோம்.

தொழில் நிறுவனங்களுக்கு 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம். அதன்படி சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் இல்லாமல் கழிவை வெளியேற்ற முடியாது. 2008ஆம் ஆண்டு வர்த்தமானியில் தொழில்கள் மூன்று பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டன. பெரியவை மத்திய சுற்றாடல் அதிகார சபையிடமும், மூன்றாம் பட்டியலில் உள்ள சிறியவை உள்ளூராட்சி மன்றத்திடமும் உரிமம் எடுக்க வேண்டும். சிறிய வெதுப்பகம், எரிபொருள் நிரப்பு நிலையம், ஐந்து முதல் இருபது அறைகளுக்குள் உள்ள தங்குவிடுதி எல்லாம் அந்தச் சிறிய பட்டியலுக்குள் வருபவை. ஆக, என் பின்மதில் விடுதிக்கு உரிமம் கொடுக்கவும் மறுக்கவும் அதிகாரம் பெற்றது கொழும்பு அல்ல. எங்கள் ஊர் மன்றம்தான்.

உரிமம் என்றால் எதை அளப்பது? நீர்நிலைக்குள் விடும் கழிவுநீரில் ஐந்து நாள் உயிர்வேதியியல் ஒட்சிசன் தேவை லீற்றருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. மிதக்கும் திண்மம் 50க்கு மேலும் எண்ணெயும் கொழுப்பும் 10க்கு மேலும் போகக் கூடாது. வீட்டுக் கழிவுநீர் சுத்திகரிக்காமல் வந்தால் முதலாவது அளவு சாதாரணமாக 200, 300 என்றிருக்கும். எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் வெள்ள வாய்க்காலில் குழாயைக் கொடுத்திருக்கும் ஓர் உணவகம் இந்த எல்லையைத் தாண்டுகிறதா என்று அறிய ஆய்வுகூடம்கூடத் தேவையில்லை. மூக்குப் போதும்.

ஒரு வழி பலருக்குத் தெரியாது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின் கீழ், பொதுத் தொல்லை ஒன்றை அகற்றும்படி நீதவான் நிபந்தனைக் கட்டளை இடலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரோ பொலிஸாரோ அறிக்கை வைத்தால் போதும். பல ஆண்டுகள் இழுபடும் சிவில் வழக்கைவிட இது விரைவானது.

சுன்னாகத்தை நாங்கள் மறந்துவிட முடியாது. கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. மக்கள் வாளிகளோடு தெருவில் நின்றார்கள். அந்த விடயத்தில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மாசுபடுத்தியவரே செலவைச் சுமக்க வேண்டும் என்ற கொள்கையில் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தும்படி தீர்ப்பளித்தது. எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது, மணத்தது, அதனால் போராட முடிந்தது. நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதை உண்டாக்கும் ஒரே ஒரு எதிரியும் இல்லை. எதிராளி நாங்கள் எல்லோருந்தான்.

அதிகாரம் ஏன் தூங்குகிறது

சட்டத்தில் பொதுவாகச் சொன்னதை ஓர் ஊருக்குப் பொருத்துவது உபவிதி. எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை குழி இறைக்க வேண்டும், பவுசர்காரர் யாரிடம் அனுமதி எடுக்க வேண்டும், எங்கே கொட்ட வேண்டும், உணவகம் கொழுப்புப் பொறி வைக்க வேண்டுமா என்பவையெல்லாம் உபவிதியில் வர வேண்டியவை. மன்றம் தீர்மானம் எடுத்து, மாகாணத்தில் உள்ளூராட்சிக்குப் பொறுப்பானவர் அனுமதித்து, வர்த்தமானியில் வந்தால்தான் அது சட்டம். மாதிரி உபவிதிகளை அப்படியே ஏற்றுக்கொள்ள 1952ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டம் ஒரு குறுக்கு வழியும் தந்திருக்கிறது.

எங்கள் பக்கம் நடந்தது என்ன? வடக்கு மாகாண சபை 2013இல் தெரிவாகி 2018 ஒக்ரோபரில் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை. மாகாண அமைச்சர் செய்ய வேண்டியது ஆளுநரின் கைக்குப் போனது. உள்ளூராட்சி மன்றங்களும் 2023 மார்ச்சில் கலைந்து 2025 மே 6 தேர்தல் வரை செயலாளர்களும் ஆணையாளர்களுமே நடத்தினார்கள். இதற்கு முன்பு போரில் எத்தனை ஆண்டுகள் மன்றமே இல்லாமல் கிடந்தோம் என்பது உங்களுக்குத் தெரியும். உபவிதி போடுவது தேர்ந்தெடுத்தவர்கள் பேசித் தீர்மானிக்க வேண்டிய வேலை. நாற்காலி வெறுமையாக இருந்தால் அது நடக்காது. நாற்காலி நிறைந்திருந்தாலும் மலக்குழியைப் பற்றிப் பேசி வாக்கு எடுக்க முடியாது என்று நினைக்கும் உறுப்பினர்கள்தான் அதிகம் என்பதையும் நான் கண்டிருக்கிறேன்.

ஆள் பற்றாக்குறை இன்னொன்று. ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் டெங்கும் பார்க்க வேண்டும், உணவகமும் பார்க்க வேண்டும், பாடசாலையும் பார்க்க வேண்டும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வீதியும் போட்டு, மதகும் கட்டி, திட்டப்படமும் பார்க்க வேண்டும். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நடப்பது இதுதான்.

குழாய்த் தண்ணீர் வந்தால் என்ன ஆகும்

தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் அதன் கொள்ளளவு. இரணைமடு நீரைக் கொண்டுவரும் திட்டத்துக்குக் கிளிநொச்சி விவசாயிகள் நியாயமான எதிர்ப்புத் தெரிவித்த பின் கண்ட வழி இது. நல்லது. குடிநீர்ப் பிரச்சினைக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால் வீட்டுக்குள் வரும் தண்ணீரில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராக வெளியே போகும் என்பது இத்துறையில் எல்லோரும் எடுக்கும் கணக்கு. நிலையம் முழுக் கொள்ளளவில் ஓடினால் நாளாந்தம் ஏறத்தாழ 19,000 கனமீற்றர் கழிவுநீர். கிணற்றில் அள்ளிய தண்ணீர் அதே நிலத்துக்குத் திரும்பிற்று. இது வெளியில் இருந்து வரும் தண்ணீர், அதே குழிகளுக்குள் புதிதாக இறங்கப் போகிறது. மாரியில் ஏற்கெனவே பொங்கும் குழிகள் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. குழாய் வந்ததும் “இனிக் கிணறு எதுக்கு?” என்று கிணற்றையே மலக்குழியாக்கும் வேலையும் சில இடங்களில் நடக்கும். மற்ற ஊர்களில் நடந்தது. அது நிலத்தடி நீரின் நெஞ்சிலேயே ஊசி போடுவதுபோல.

அப்படியென்றால் நகரத்துக்குக் கழிவுநீர்க் குழாய் போடலாமே? போடலாம். செலவு எங்கே வரும் என்று தெரிந்துகொண்டு பேச வேண்டும். கழிவுநீர் தானாக ஓடக் குழாய்க்குச் சரிவு வேண்டும். ஆறு அங்குலக் குழாய்க்கு நூற்றைம்பதுக்கு ஒன்று என்று வைத்தால், ஒரு கிலோமீற்றர் போகுமுன் குழாய் ஆறரை மீற்றருக்கு மேல் கீழே இறங்கிவிடும். எங்கள் நிலமோ மேசைபோல் தட்டை. கீழே கல். கல்லுக்குள் தண்ணீர். ஆகவே சில நூறு மீற்றருக்கு ஒரு பம்பி நிலையம் வேண்டும். பம்பிக்கு மின்சாரம் வேண்டும். 2022இல் நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்ததை நினைத்துப் பாருங்கள். பம்பி நின்றால் கழிவு வீதிக்கு வரும். நகரத்தின் நெருக்கமான மையப் பகுதிக்கு, சந்தை, பஸ் நிலையம், வைத்தியசாலைச் சுற்றாடலுக்கு மட்டும் குழாய், மற்ற இடங்களுக்கு முறையாகக் கட்டி முறையாக இறைக்கும் தாங்கிகள் என்பதே என் அபிப்பிராயம்.

குழாய் வரும் நாளில் அதைப் பாவிக்கவும் விதி வேண்டும். கூரை மழைநீரை அதற்குள் விடக்கூடாது. விட்டால் மாரியில் சுத்திகரிப்பு நிலையம் மூழ்கும். வாகனம் கழுவுமிடத்தின் எண்ணெய், நகைப்பட்டறையின் அமிலம், உணவகத்தின் கொழுப்பு, பிள்ளைகளின் பம்பேர்ஸ் ஆகியவை வரக்கூடாது. மண்ணெண்ணெயோ பெற்றோலோ போனால் குழாய்க்குள் வெடிக்கும். சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்வது பக்டீரியாக்கள். அவற்றைக் கொல்லும் எதை ஊற்றினாலும் முழு ஊரின் கழிவும் சுத்தமாகாமல் கடலேரிக்குப் போகும்.

வீட்டில் செய்யக்கூடியவை

முதலில் உங்கள் குழியைத் தெரிந்துகொள்ளுங்கள். எங்கே இருக்கிறது, எந்த ஆண்டு கட்டியது, அடி உண்டா. கட்டிய மேசன் உயிரோடு இருந்தால் கேளுங்கள். தாங்கியில் ஆளொன்றுக்கு ஆண்டுக்குச் சுமார் 40 லீற்றர் கசடு சேரும். 2500 லீற்றர்த் தாங்கி, ஐந்து பேர் என்றால் நான்கு ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு கசடு. அப்போது இறைக்க வேண்டும். “எங்கட குழி இருபது வருசமா நிரம்பேல்லை” என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நிரம்பாத குழி நல்ல குழி அல்ல. அது கீழே ஓடிக்கொண்டிருக்கிறது.

இறைக்க ஆளை உள்ளே இறக்காதீர்கள். மூடியைத் திறந்து அரை நாள் விட்டாலும் இறக்காதீர்கள். அந்த நச்சு வாயு ஓரிரு மூச்சிலேயே ஆளை விழுத்தும். தூக்கப் போனவரும் விழுவார்.

புதிதாகக் கட்டுபவர்கள் அடியும் பக்கமும் பூசிய இரண்டு அறைத் தாங்கி கட்டுங்கள். அதிலிருந்து வழியும் நீரை ஆழமான உறிஞ்சு குழிக்கு விடாமல், நிலமட்டத்துக்கு மேலே மணலும் சல்லியும் போட்டு உயர்த்திய பாத்திக்கு விடுங்கள். மாரியில் கிணற்றுத் தண்ணீர் எந்த மட்டத்துக்கு வருகிறதோ அதற்கு நாலைந்து அடி மேலே அந்தப் பாத்தியின் அடி நிற்க வேண்டும். அதில் கல்வாழையோ வாழையோ வைத்தால் நைதரசனில் ஒரு பங்கை அவை எடுக்கும். குளிக்கும் நீரையும் பாத்திரம் கழுவும் நீரையும் மலக்குழிக்குள் விடவே வேண்டாம். எங்கள் அப்பு காலத்தில் கிணற்றடித் தண்ணீர் வாய்க்காலால் ஓடி வாழைக்கும் கமுகுக்கும் போனது. அந்த ஏற்பாட்டை விட்டுவிட்டு எல்லாவற்றையும் ஒரே குழாயில் சேர்த்தது எங்கள் காலத்து நாகரிகம்.

கிணற்றை ஆண்டுக்கு இருமுறை, மாரிக்குப் பிறகும் ஆவணியிலும், சோதியுங்கள். நைத்திரேற்றும் மலக்கிருமியும் இரண்டையும் கேளுங்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணத்துக்குச் செய்வார்கள். கிருமிச் சோதனைக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலமும் அனுப்பலாம். மலக்கிருமி 100 மில்லிலீற்றரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

பக்கத்து வளவில் முறைகேடு என்றால் சண்டைக்குப் போகாமல் எழுத்தில் முறையிடுங்கள். சுகாதார வைத்திய அதிகாரிக்கு ஒரு பிரதி, மன்றச் செயலாளருக்கு அல்லது ஆணையாளருக்கு ஒரு பிரதி. பதிவுத் தபால் சீட்டை வைத்திருங்கள். பதில் இல்லையேல் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மூன்று கேள்வி போதும். அந்தக் கட்டடத்துக்கு இணக்கச் சான்றிதழ் வழங்கப்பட்டதா, சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் உண்டா, என் முறைப்பாட்டில் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது. 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும்.

நான் முதலில் என் குழியைத் திறந்தேன். இருபத்திரண்டு ஆண்டுகள் மூடிக் கிடந்தது. அடியில்லை. நான்தான் கட்டுவித்தேன், 2003இல், சமாதான காலத்தில், சீமெந்து தாராளமாகக் கிடைத்த நாட்களில். பவுசர் வந்து இறைத்தது. காசை வாங்கிக்கொண்டு தம்பி புறப்படும்போது, எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்று கேட்டேன்.

“ஐயா, அதை என்னட்டைக் கேக்காதேங்கோ. ஒஃபிசிலை கேளுங்கோ” என்றார்.

ரசீதிலும் இடம் எழுதியிருக்கவில்லை. என் குழிக்குப் புதிய தாங்கி கட்டக் கல் இறக்கியாயிற்று. விடுதி உரிமையாளரிடம் சோதனை அறிக்கையின் பிரதியைக் கையில் கொடுத்துப் பேசினேன். தாங்கியைப் பெரிதாக்குவதாகச் சொல்லியிருக்கிறார், இன்னும் வேலை தொடங்கவில்லை. பவுசர் எங்கே கொட்டுகிறது, அந்த இடத்துக்கு என்ன அனுமதி உண்டு என்று கேட்டுத் தகவல் அறியும் விண்ணப்பம் ஒன்று கொடுத்திருக்கிறேன். இன்றோடு ஒன்பது வேலை நாள்.